வியாழக்கிழமை காலை பத்தரை மணி: பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் தொகுதி எல்லைகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை கூடியிருக்கும் காலத்தில், ஒவ்வொரு வியாழனும் காலை பத்தரை மணி வாக்கில் அடுத்த வாரம் அவையில் என்னென்ன வரப்போகிறது என்று அரசு அறிவிக்கும். உடனே எம்.பி.க்கள் எழுந்து "அந்த மசோதா எப்போது வரும்", "இதற்கு ஏன் நேரம் ஒதுக்கவில்லை" என்று கேட்பார்கள். வேலைக்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு இதைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். தொகுதி மறுவரையறை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை அப்படி என்னதான் நடக்கிறது?

அரசின் சார்பில் அவை முன்னவர் எழுந்து, அடுத்த வாரம் திங்கள் இந்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பு, செவ்வாய் எதிர்க்கட்சி நாள், புதன் இன்னொரு மசோதாவின் மீதிக் கட்டங்கள் என்று பட்டியலை வாசிப்பார். அதற்கடுத்த வாரத்துக்கும் ஒரு தோராயப் பட்டியல் இருக்கும். பிறகு எதிர்க்கட்சியில் அவருக்கு இணையான பொறுப்பில் இருப்பவர் பேசுவார், அதன்பின் மற்ற உறுப்பினர்கள். ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஊர் கால்பந்து அணிக்கு வாழ்த்துச் சொல்வதிலிருந்து ஒரு சட்டத்தையே அரசு ஏன் அமுக்கி வைத்திருக்கிறது என்பது வரை எதை வேண்டுமானாலும் கேட்கலாம், "இதைப் பற்றி விவாதிக்க நேரம் தருவீர்களா" என்ற வடிவத்தில் கேட்டால் போதும். டெல்லியில் நாடாளுமன்ற விவகார அமைச்சர் அடுத்த வார அரசு அலுவலை அறிவிப்பாரே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். ஆனால் இங்கே கேள்விகளுக்கு இடம் அதிகம்.

பெரும்பாலும் "பரிசீலிக்கிறோம்" என்றுதான் பதில் வருகிறது. அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்?

பதிவுக்காகக் கேட்கிறார்கள். ஒரு மசோதா எப்போது வரும் என்று ஒரே ஆள் பத்து வாரம் தொடர்ந்து கேட்டு, பத்து வாரமும் அமைச்சர் ஒரே பதிலைச் சொன்னால், அந்தப் பத்துப் பதிலும் அவைக் குறிப்பில் அச்சாகிவிடும். அரசு எதைத் தள்ளிப்போடுகிறது என்பதைச் சாதாரண ஆள் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நிறைவேறிய சட்டங்களை யாரும் பார்க்கலாம், நிறைவேறாமல் நிறுத்தி வைக்கப்பட்டவற்றைப் பார்க்க வியாழக்கிழமைதான் வழி.

எதை எப்போது விவாதிப்பது என்பதில் அரசுக்கு இவ்வளவு பிடி எப்படி வந்தது?

காமன்ஸ் சபையின் 14-ஆவது நிலையியற்கட்டளைப்படி (அவையின் நிரந்தர நடைமுறை விதி), ஒவ்வொரு அமர்விலும் அரசின் அலுவலுக்கே முன்னுரிமை. விலக்குகள் உண்டு. ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கு. 13 வெள்ளிக்கிழமைகள், அமைச்சர் அல்லாத எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு. 2010-க்குப் பிறகு பின்வரிசை உறுப்பினர்கள் சேர்ந்து தீர்மானிக்கிற சில நாட்கள். மீதி எல்லாம் அரசின் கையில். ஒரு மசோதாவுக்கு அவையில் பெரும்பான்மை ஆதரவு இருந்தாலும், அதை எடுப்பதற்கு ஒரு நாள் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆதரவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

சரி, இதற்கும் தொகுதி எல்லைக்கும் என்ன சம்பந்தம்?

தொகுதி எல்லை என்றதும் யார் கோடு போடுகிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பிரிட்டனின் கடந்த பதினைந்து வருடக் கதையைப் பார்த்தால், கோடு போட்டவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். அந்தக் கோடு எப்போது அவைக்கு வரும், வருமா வராதா என்பதைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள். மறுவரையறை என்பது கடைசியில் ஒரு நாட்காட்டிச் சண்டை என்பது என் திடமான கருத்து.

அப்படியானால் கோடு போடுவது யார்?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் தனித்தனி எல்லை ஆணையங்கள். பெயரளவில் தலைவர் சபாநாயகர், ஆனால் அவர் வேலையில் தலையிடுவதில்லை. துணைத் தலைவராக இருக்கும் நீதிபதிதான் நடத்துவார். கட்சிகளுக்கு ஆணையத்தில் இடமில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆளுங்கட்சியே தனக்கு வசதியாக எல்லையை வளைத்துக்கொள்வது போன்ற வேலை இங்கே நடப்பதில்லை.

முன்பு நிலைமை படுமோசம். சாலிஸ்பரி பக்கத்தில் ஓல்ட் சாரம் என்று ஒரு மேடு, ஆள் குடியிருப்பே கிடையாது, ஆனால் அதற்கு இரண்டு எம்.பி. டன்விச் என்ற கடற்கரை ஊரை நூற்றாண்டுக் கணக்கில் கடல் அரித்துக்கொண்டே போனது, அதற்கும் இரண்டு எம்.பி. அதே காலத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த மான்செஸ்டருக்கு ஒரு எம்.பி.யும் இல்லை. 1832 சீர்திருத்தச் சட்டம்தான் அதை முடித்து வைத்தது.

650-ஐ 600 ஆக்குவது என்று ஒரு திட்டம் இருந்ததே, அது என்ன?

2010-இல் கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் கூட்டணி ஆட்சி அமைத்தன. இரண்டுக்கும் ஆளுக்கொரு ஆசை. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு வாக்களிப்பு முறையை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். கன்சர்வேடிவ்களுக்குத் தொகுதிகள் சமமாக வேண்டும், எம்.பி. எண்ணிக்கையும் குறைய வேண்டும். இரண்டையும் ஒரே மசோதாவில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தொகுதியும் சராசரி வாக்காளர் எண்ணிக்கையிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, மொத்தம் 600 இடம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுவரையறை.

சமமாக்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. வேல்ஸில் ஆர்வன் தொகுதியில் சுமார் 42 ஆயிரம் வாக்காளர்கள், வைட் தீவில் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல், இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.பி. என்று இருந்தது. 600 ஆகக் குறைப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காமன்ஸில் அமைச்சராக இருக்கக்கூடியவர்களின் உச்சவரம்பு 95. அதைக் குறைக்காமல் எம்.பி. எண்ணிக்கையை மட்டும் குறைத்தால், அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர்களின் பங்கு குறையும், அரசுக்கே கட்டுப்பட்டவர்களின் பங்கு கூடும். அன்று அவையில் பலர் இதைச் சொன்னார்கள், அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த மசோதாவுக்கும் நாட்காட்டி நெருக்கடி இருந்தது. மக்கள் வாக்கெடுப்பை 2011 மே 5 அன்று நடத்த வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவில் அரச ஒப்புதல் கிடைத்தாக வேண்டும். மேலவையான பிரபுக்கள் அவையில், அன்றைய எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் உறுப்பினர்கள் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தினார்கள். ஜனவரி 17 பிற்பகல் தொடங்கிய அமர்வு இரவெல்லாம் நடந்து மறுநாள் மதியம் வரை, 20 மணி நேரத்துக்கும் மேல் போனது. உறுப்பினர்கள் இடையில் படுத்து எழ அறைகளில் கட்டில்கூடப் போட்டார்கள். கடைசியில் பிப்ரவரி 16 அன்று சட்டமானது. மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 67.9 சதவீதம் பேர் வாக்களிப்பு முறை மாற்றத்தை நிராகரித்தார்கள். லிபரல் டெமாக்ரட்டுகளின் பங்கு போயிற்று, கன்சர்வேடிவ்களின் பங்கு மட்டும் மிஞ்சியது.

ஐந்து சதவீதம் என்பது சின்ன விஷயம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

காகிதத்தில் சின்னது, தரையில் பெரியது. கணக்கு பொருந்த வேண்டும் என்பதற்காக ஊரை வெட்ட வேண்டி வரும். 2011-இல் வந்த முதல் வரைவில், கதீட்ரல் உட்பட க்ளொஸ்டர் நகரத்தின் மையப் பகுதியையே எடுத்துப் பக்கத்திலுள்ள ஃபாரஸ்ட் ஆஃப் டீன் தொகுதியில் சேர்த்திருந்தார்கள். மதுரையிலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளை எடுத்து மேலூரோடு சேர்த்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கார்ன்வாலில் கொதிப்பு இன்னும் அதிகம். டேமார் ஆறுதான் கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் நடுவே ஆயிரம் வருடத்துக்கும் மேலான எல்லை. அதைத் தாண்டி ஒரு தொகுதி அமையும் என்று தெரிந்ததும் மக்கள் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். அப்போது பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், அது டேமார்தானே, அமேசான் இல்லையே என்ற பொருளில் சொன்ன ஒரு வரி அந்த ஊரில் இன்னும் மறக்கப்படவில்லை. அது தேவையில்லாத பேச்சு. ஒரு ஊரின் எல்லை அங்கே வாழ்பவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை வெளியிலிருந்து அகலத்தை வைத்து அளக்க முடியாது.

தீவுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் சுமார் 21 ஆயிரம் வாக்காளர்கள்தான், இருந்தும் தனித் தொகுதி. ஆர்க்னி, ஷெட்லாந்துக்கும் அப்படியே. வைட் தீவு பிரபுக்கள் அவையில் போராடித் தனக்கு இரண்டு தொகுதி வாங்கிக்கொண்டது.

2013-இல் அந்த மறுவரையறை ஏன் நின்றுபோனது?

கூட்டணிச் சண்டை. லிபரல் டெமாக்ரட்டுகள் பிரபுக்கள் அவையைச் சீர்திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 2012 ஜூலையில் 91 கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் கொறடாவை மீறி எதிர்த்து வாக்களிக்க, அந்த மசோதா கைவிடப்பட்டது. ஆகஸ்ட் 6 அன்று துணைப் பிரதமர் நிக் க்ளெக், நீங்கள் கூட்டணி ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், இனி புதிய தொகுதி எல்லைகளுக்கு எங்கள் வாக்கு கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாக்காளர் பதிவு பற்றி வேறொரு மசோதா பிரபுக்கள் அவையில் இருந்தது. அதில் மறுவரையறையை 2018 வரை தள்ளிப்போடும் ஒரு திருத்தத்தை லேபர் கட்சியின் ஹார்ட் பிரபு கொண்டுவந்தார். மசோதாவின் வரம்புக்குள் இது வராது என்று அவையின் அதிகாரிகளே சொன்னார்கள். அரசோ திருத்தத்தைத் தோற்கடிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும், அந்த மசோதாவையே அலுவல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அக்டோபர் கடைசியில் வரவேண்டியது ஜனவரி வரை வரவில்லை. எப்போது எடுப்பீர்கள் என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். 2013 ஜனவரி 14 அன்று எடுத்தபோது 300-க்கு 231 என்று திருத்தம் நிறைவேறியது. ஜனவரி 29 அன்று காமன்ஸும் 334-க்கு 292 என்று அதை ஏற்றுக்கொண்டது. ஒரே அமைச்சரவையில் இருந்த இரண்டு கட்சிகளும் எதிரெதிராக வாக்களித்த நாள் அது. ஆணையங்கள் இரண்டு வருடம் உழைத்து வரைந்தது அப்படியே நின்றது.

அஃப்சல் கான் மசோதா என்று ஒன்றைப் பற்றி அடிக்கடி சொல்கிறீர்கள், அது என்ன?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

2015 தேர்தலுக்குப் பிறகு அதே பழைய சட்டப்படி, அதாவது 600 இடங்களுக்கு, மறுவரையறை மறுபடி தொடங்கியது. அடிப்படை 2015 டிசம்பர் வாக்காளர் பட்டியல். ஆனால் 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்புக்கு முன்னால் இருபது லட்சம் அளவில் புதிதாக வாக்காளர்கள் சேர்ந்திருந்தார்கள், அவர்கள் யாரும் இந்தக் கணக்கில் இல்லை. 2017-இல் மான்செஸ்டர் கோர்ட்டன் தொகுதியின் லேபர் எம்.பி. அஃப்சல் கானுக்குத் தனிநபர் மசோதாக் குலுக்கலில் இடம் கிடைத்தது. 650 இடங்களை அப்படியே வைத்திருங்கள், ஐந்து சதவீதத்தை ஏழரை ஆக்குங்கள் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். 2017 டிசம்பர் 1, ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாம் வாசிப்பு பெரிய பெரும்பான்மையோடு நிறைவேறியது. அதாவது கொள்கையளவில் அவை ஏற்றுக்கொண்டது.

அடுத்து குழு அதை வரிவரியாகப் பார்க்க வேண்டும். பொதுப் பணம் செலவாகும் எந்தப் பிரிவையும் பார்ப்பதற்கு முன் அவை ஒரு நிதித் தீர்மானம் நிறைவேற்றியிருக்க வேண்டும், அந்தத் தீர்மானத்தை அமைச்சர் மட்டுமே கொண்டுவர முடியும். பணம் கேட்கும் உரிமை அரசருக்கு, அவர் சார்பில் அமைச்சருக்கு என்பது பழைய விதி. இரண்டாம் வாசிப்பு முடிந்த தனிநபர் மசோதாவுக்கு, தனக்குப் பிடிக்காவிட்டாலும் அரசு நிதித் தீர்மானம் கொண்டுவரும் என்பதுதான் மரபு. இந்த மசோதாவுக்குக் கொண்டுவரவில்லை.

அப்புறம் வந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழு வாரா வாரம் கூடும். ஒரு பிரிவைக்கூடத் தொட முடியாது என்பதால் "ஒத்திவைக்கலாமா" என்ற தீர்மானத்தின் மீதே கொஞ்சம் பேசுவார்கள், கலைவார்கள். அடுத்த வாரமும் அதேதான். வியாழக்கிழமை தோறும் அவை முன்னவர் ஆண்ட்ரியா லெட்சமிடம் லேபரின் வேலரி வாஸும், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியினரும், மற்றவர்களும் நிதித் தீர்மானம் எங்கே என்று கேட்பார்கள். எல்லை ஆணையங்கள் அறிக்கை கொடுக்கட்டும், அதன் பிறகு பரிசீலிக்கிறோம் என்று பதில் வரும். 2018 மே மாதம் கான் அவசரக் கேள்வியாகவே எழுப்பினார், ஜூனில் லேபர் தன் எதிர்க்கட்சி நாளையே இதற்குச் செலவழித்தது, குழுவைத் தொடர அனுமதியுங்கள் என்று. அதுவும் தோற்றது. மசோதா கூட்டத்தொடரோடு மடிந்தது.

யாரும் அந்த மசோதாவை வாக்கில் தோற்கடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு தீர்மானத்தைப் பட்டியலில் போடாமல் விட்டதே போதுமானதாக இருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, மசோதாவின் எல்லாப் பிரிவும் எனக்குப் பிடித்திருந்தது என்பதற்காக அல்ல, அவை முடிவெடுத்த பிறகு அந்த முடிவை ஒரு பேனா நுனியில் நிறுத்தி வைக்கலாம் என்றால் வாக்கெடுப்பு எதற்கு என்பதற்காக.

ஆணையங்கள் 2018-இல் கொடுத்த அறிக்கை என்ன ஆனது?

செப்டம்பரில் வந்தது. கூடிய சீக்கிரம் அவையில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. 2017 தேர்தலில் பெரும்பான்மை இழந்திருந்த அரசு அதை வாக்குக்கு வைக்கவே இல்லை. கான் மசோதாவை இந்த அறிக்கைக்காகத்தான் காக்க வைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

2020-இல் என்ன மாறியது?

2019 தேர்தலில் பெரிய பெரும்பான்மையோடு வந்த கன்சர்வேடிவ் அரசு, 2020 மார்ச்சில், எண்ணிக்கை 650 ஆகவே இருக்கட்டும் என்று அறிவித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 73 பிரிட்டிஷ் உறுப்பினர்கள் இனி இல்லை, எம்.பி.க்களின் வேலை கூடும் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. கான் கேட்டதும் 650-தானே. டிசம்பர் 14 அன்று சட்டமானது. ஐந்து சதவீதம் மாறவில்லை. பிரபுக்கள் அவை ஏழரை ஆக்கச் சொன்னது, காமன்ஸ் மறுத்துவிட்டது. வேல்ஸின் ஈனிஸ் மோன் தீவும் விலக்குப் பட்டியலில் சேர்ந்தது. ஐந்து வருடச் சுற்று எட்டு வருடமானது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், ஆணையங்களின் பரிந்துரை இனி அவையின் வாக்குக்கு வராது. அறிக்கை வந்தால் அரசு அதை அப்படியே ஆணையாக்க வேண்டும், ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. 2023 ஜூன் இறுதியில் அறிக்கைகள் வந்தன, நவம்பர் 15 அன்று ஆணை பிறந்தது, 2024 ஜூலை 4 தேர்தல் புதிய எல்லைகளில் நடந்தது. ஒரு தொகுதிக்கு 69,724-க்கும் 77,062-க்கும் இடையில் வாக்காளர்கள். இங்கிலாந்து 533-இலிருந்து 543, ஸ்காட்லாந்து 59-இலிருந்து 57, வேல்ஸ் 40-இலிருந்து 32, வட அயர்லாந்து அதே 18. கார்ன்வாலின் ஆறு தொகுதிகளும் டேமாருக்கு இந்தப் பக்கமே நின்றன.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வாக்கே தேவையில்லை என்பது சரியா?

சரி என்றுதான் நினைக்கிறேன். 1969-இல் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கேலகன், சட்டம் கட்டாயப்படுத்தியதால் எல்லை ஆணைகளைத் தானே அவையில் வைத்தார், தன் கட்சி எம்.பி.க்களையே எதிர்த்து வாக்களிக்கவும் வைத்தார். 1970 தேர்தல் 1950-களின் எல்லைகளில் நடந்தது. அவர் கட்சி அதிலும் தோற்றது. தன் தொகுதி காணாமல் போகுமா இல்லையா என்று கவலைப்படும் ஒருவரிடம் அந்த வரைபடத்தின் மீது வாக்குக் கேட்பது அவருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எத்தனை இடம், எத்தனை சதவீதம், எந்தத் தேதியின் பட்டியல் என்ற விதிகள் சாதாரணச் சட்டம்தான். எந்த அரசும் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். அதனால் வியாழக்கிழமைக் கேள்விகள் நிற்கக் கூடாது.

புது எல்லைகளால் கன்சர்வேடிவ்களுக்கு லாபம் கிடைத்ததா?

2019 வாக்குகளைப் புதிய எல்லைகளில் போட்டுப் பார்த்தால் அவர்களுக்கு 365-க்குப் பதில் 372 கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2024-இல் உண்மையில் கிடைத்தது 121. எல்லையில் வருகிற ஏழு இடத்துக்காகப் பத்து வருடம் மல்லுக்கட்டியதை என்னவென்று சொல்ல.

தமிழர்களுக்கு இதில் நேரடியாக ஏதாவது உண்டா?

உண்டு. கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டையும் லீ ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள போவையும் இணைத்து 2024-இல் புதிதாக ஒரு தொகுதி உருவானது, ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ. அதன் முதல் எம்.பி. உமா குமரன், இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பெற்றோரின் மகள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பிரிட்டனில் முறையான விசாவோடு வசித்தால், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர்களுக்கும் இது பொருந்தும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனில் தொகுதி அளவு மக்கள்தொகையை வைத்து அல்ல, பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துத்தான் கணக்காகிறது. நீங்கள் பதியாமல் இருந்தால் உங்கள் வாக்கு மட்டும் போவதில்லை, எல்லை வரையும்போது உங்கள் தெருவே எடை குறைந்துவிடுகிறது. வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள், இளைஞர்கள், புதிதாக வந்தவர்கள் அதிகம் உள்ள பகுதிகள்தான் இதில் அடி வாங்குகின்றன. எனக்கு இந்த முறை மீது பெரிய மனக்குறை உண்டு.

இந்தியாவோடு ஒப்பிட்டால்?

இங்கிலாந்துக்கு மட்டும் 543 இடம், 2024-இல் இந்திய மக்களவைக்குத் தேர்தல் நடந்த இடங்களும் 543. தற்செயல்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது. இந்தியாவில் மறுவரையறை ஆணையத்தின் உத்தரவுக்குச் சட்டத்தின் வலு உண்டு, அவையில் வைப்பார்கள், மாற்ற முடியாது. பிரிட்டன் அந்த இடத்துக்கு 2020-இல்தான் வந்து சேர்ந்தது. மாநிலங்களுக்கிடையே எத்தனை இடம் என்ற பங்கீட்டை 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது, 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை 2026 தாண்டி வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அங்கேயும் எல்லோரும் எல்லைக் கோட்டைக் காட்டிலும் தேதியைப் பற்றித்தான் அதிகம் சண்டை போடுகிறோம், கவனித்தீர்களா? ஒரு வித்தியாசம், வேல்ஸ் ஒரே தேர்தலில் 40 இடத்தில் எட்டை இழந்தது, ஆனால் கார்டிஃபில் அதற்கென்று தனிச் சட்டமன்றமும் அதிகாரமும் இருப்பதால் அந்த இழப்பை ஓரளவு தாங்கிக்கொண்டது. வேல்ஸை உதாரணம் காட்டி யாராவது பேசினால் இந்தப் பின்னணியையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாதாரண ஆள் ஆணையத்துக்கு எழுதினால் பயன் உண்டா?

நிச்சயமாக உண்டு. 2021 ஜூன் 8 அன்று இங்கிலாந்து ஆணையம் முதல் வரைவை வெளியிட்டது. 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. 2022 நவம்பரில் திருத்திய வரைவு வந்தபோது கிட்டத்தட்டப் பாதித் தொகுதிகள் மாறியிருந்தன. நானும் என் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், எந்தக் கடைத்தெருவுக்கு நடந்து போகிறோம், பஸ் எங்கே நிற்கிறது என்று மட்டும். அவர்கள் பார்ப்பது அதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தன் கோயிலும் அதன் தேர் போகிற தெருக்களும் இரண்டு தொகுதிகளாகப் பிரிவதை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டி அனுப்பினார்.

அடுத்தது எப்போது?

அடுத்த அறிக்கைகள் 2031 அக்டோபர் 1-க்குள் வர வேண்டும். அதற்குச் சில வருடம் முன்பே வரைவுகள் வெளிவந்து கருத்துக் கேட்பார்கள். அந்தக் கணக்கு எந்த நாளின் பட்டியலை வைத்துப் போடப்படுகிறதோ, அந்த நாளில் உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டும். பதிய ஐந்து நிமிடம் போதும், இணையத்திலேயே செய்யலாம், தேசிய காப்பீட்டு எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.